கொக்கி

பரிசோதனைக் குச்சியை ஐலாவே எடுத்துக்கொண்டாள்.
குளியலறைக் கதவுக்கு இப்பால்
குழாய்ச் சத்தம் கேட்டு நின்றேன்.
முப்பத்தாறாம் வாரம்.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு,
சுப்பீரியர் ஏரி கரையோரம் இறுகிக் கிடந்தது.

ஐந்தாம் நாள் ஜிசெல் கூப்பிட்டாள்.
இருக்கிறது என்றாள்.
பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.
அத்தனூண்டு உயிருக்கு
அத்தனை நீளப் பெயர்.
நோயில்லை, அழுக்கில்லை, உன் தப்புமில்லை,
குடலில் குடியிருப்பது, வரும், போகும்,
நாலைந்து பேரில் ஒருத்திக்கு உண்டு.
உன்னை ஒன்றும் செய்யாது.
குழந்தையையும், பெரும்பாலும், ஒன்றும் செய்யாது.

அந்தப் ‘பெரும்பாலும்’ அன்றிரவு
எங்கள் நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

இந்தக் காட்டுக்கு வந்த ஃபின்லாந்துக்காரர்கள்
முதலில் சவுனா கட்டினார்கள், பிறகுதான் வீடு.
பிள்ளைகள் அங்கேதான் பிறந்தன,
சூடும் வெந்நீரும் அங்கேதான் இருந்தன.
ஐலா அதற்காகக் கேட்கவில்லை.
ஹெல்வி பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கூரையில்
நூற்று நாற்பத்து நான்கு சதுரங்கள்.
ஒன்பது மணி நேரம் எண்ணியிருக்கிறாள்.
இன்னொரு முறை எண்ணமாட்டேன் என்றாள்.

ஜிசெல் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை.
பூட்ஸில் ஒட்டிய பனி எங்கள் தரையில் உருக,
காப்பி ஆறிக்கொண்டிருக்க, சொன்னாள்:
மருந்து வேண்டாமென்று சொல்ல உனக்கு உரிமையுண்டு.
எனக்கு எது பயமென்று சொல்ல எனக்கும் உண்டு.
பிறகு அந்தப் பயத்தைச் சொன்னாள்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

ஐலா கேட்டது ஒன்றுதான்: நடக்கலாமா?
நடக்கலாம். பை வடிய அரைமணி,
பிறகு கையில் ஊசி மட்டும், மூடி போட்டு.
நாலு மணிக்கொரு பை, பெனிசிலின்.
சரி, என்றாள்.

குளிர்பெட்டிக் கதவில் தாள்:
காய்ச்சல் வந்தால் கார்.
பனிக்குடம் உடைந்து நேரம் நீண்டால் கார்.
குழந்தை முனகினால்
என்னைத் தேடாதே, ஆம்புலன்ஸ்.

நான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன்.
ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தொரு நிமிடம்,
காற்று வடக்கிலிருந்து அடித்தால் கேட்காதீர்கள்.
பிரசவத்தில் எனக்கென்று வேலை இல்லை.
ஆகவே பையை மாட்ட
சவுனாவின் முன்னறையில் ஒரு கொக்கி முடுக்கினேன்.
பத்துக் கிலோ உருளைக்கிழங்கு மூட்டையைத்
தொங்கவிட்டுப் பார்த்தேன்.
பை நூறு கிராம் தேறாது, டௌனோ, என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிப்ரவரி, பன்னிரண்டு பத்துக்கு முதல் பை.
சொட்டு. சொட்டு.
பிர்ச் விறகு வெடித்தது.
ஐலா கைப்பிடிச் சுவரில் நெற்றி வைத்து
எனக்குத் தெரியாத குரலில் பேசினாள்.
இரண்டாம் பையை ஜிசெல் எடுத்து வைத்திருந்தாள்,
நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு
மகன் வந்துவிட்டான்.

எட்டு நிமிடம் குறைகிறதே, என்றேன்.
எட்டு நிமிடத்தில் நான்
ஆறு கிலோமீட்டர் பனி தள்ளுவேன்.
என் முகத்தைப் பார்த்து ஜிசெல்,
மருந்துக்கு உன்னிடம் கடிகாரம் இல்லை,
குழந்தையைப் பார், என்றாள்.

பார்த்தேன்.
மூக்கு விரிகிறதா, நெஞ்சு குழிகிறதா,
உதடு நீலமா, தோல் சூடா.
நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு மூச்சு.
ஐம்பத்திரண்டு. நாற்பத்தாறு.
விடியுமுன் ஒரு முனகல்.
நான் சாவிக்குப் பாய்ந்தேன்.
முனகியது ஜிசெல்,
நாற்காலியில், வாய் திறந்து, தூக்கத்தில்.
ஐலா உதட்டைக் கடித்துக்கொண்டு
தையல் வலிக்கும், சிரிக்க வைக்காதே, என்றாள்.

இரண்டு நாள் கவனி என்றிருந்தார்கள்.
ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனேன்.
விடியாத நெடுஞ்சாலை, கத்தி தாழ்ந்து உராய்கிறது,
கண்ணாடியில் வைப்பர் போய் வருகிறது,
வாய் தானாக எண்ணுகிறது.
நாற்பத்தாறு, நாற்பத்தேழு.